வகுப்பறைத் திரையும் பிறர் உழைப்பும்

பிறர் எடுத்த படம் ஒன்றை ஆசிரியர் தம் வகுப்பறையில் மாணவருக்குக் காட்டுவது களவாகுமா? ஒளிநாடாவும் அதை ஓட்டும் பெட்டியும் ஊருக்கு ஒன்றாக இருந்த காலத்தில் இக்கேள்வி எழ அதிக இடமில்லை. இன்றோ திரையில்லாத வகுப்பறை அருகி வருகிறது. ஆசிரியரின் சட்டைப் பைக்குள்ளேயே ஒரு படக்கொட்டகை அடங்கிக் கிடக்கிறது. விரலால் தொட்டால் போதும். இமயத்தின் பனிப்பாறையும் இதயத்தின் துடிப்பும் கரும்பலகை இருந்த இடத்தில் வந்து நிற்கும். இவ்வளவு எளிதாக வருவது யாருடையது என்ற எண்ணம் மட்டும் அவ்வளவு எளிதாக வருவதில்லை.

நம் பள்ளிகளில் பணியாற்றுவோரிடமும், ஞாயிறு மறைக்கல்வி நடத்துவோரிடமும் பேசும்போது இருவகை மனநிலைகளைக் காண்கிறேன். ஒருவகையினர் அஞ்சுகின்றனர். விடுதலைப் போராட்டம் பற்றிய ஆவணப்படத்தில் பத்து நிமிடத்தைக் காட்டவும் தயங்கி, "பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறதாமே, சிறைத்தண்டனை உண்டாமே" என்று ஒதுங்கிவிடுகின்றனர். மற்ற வகையினர் எதற்கும் அஞ்சுவதில்லை. "படிப்புக்காகத்தானே சாமி, காசா வாங்குகிறோம்?" என்று கேட்டுவிட்டு, படத்தை முழுமையாகப் படியெடுத்துப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தும் விடுகின்றனர். அறநெறி இறையியல் முன்னதை ஐயுறு மனச்சான்று என்றும், பின்னதைத் தளர்ந்த மனச்சான்று என்றும் குறிப்பிடும். புனித அல்போன்ஸ் லிகோரியார் இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டவர். குருவாகுமுன் அவர் நேப்பிள்ஸ் நகரில் வழக்கறிஞராக இருந்தவர் என்பதும், ஐயுறு மனச்சான்றின் துன்பத்தைத் தாமே பட்டறிந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. சட்டம் என்ன சொல்கிறது என்று அறியாமல் மனச்சான்றைப் பற்றிப் பேசுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். ஆகவே சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

அஞ்சுவோரின் அச்சத்தில் ஒரு பங்கு வேறொரு நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கப் படத்தின் ஒளிநாடாவையோ குறுந்தகட்டையோ ஓடவிட்டவுடன், அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் பெயரால் ஓர் எச்சரிக்கை திரையில் தோன்றும். அதைப் பார்த்துப் பார்த்தே நம்மில் பலர் பதிப்புரிமைச் சட்டத்தைக் கற்றோம். 'ஃபேர் யூஸ்', அதாவது நியாயமான பயன்பாடு, என்ற சொல்வழக்கும் அங்கிருந்தே நம்மிடம் வந்தது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு படைப்பை உரிமையாளரின் இசைவின்றிப் பயன்படுத்தியது நியாயமா என்பதை நான்கு கூறுகளைக்கொண்டு எடைபோடச் சொல்கிறது. எந்த நோக்கத்திற்குப் பயன்பட்டது, படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுக்கப்பட்டது, அதனால் அப்படைப்பின் சந்தை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பன அவை. முன்கூட்டியே விடை சொல்லாத சட்டம் இது. துலாக்கோலை மட்டும் கையில் கொடுக்கிறது. ஆனால் வகுப்பறைக்கு அதே சட்டம் தனி ஏற்பாடு ஒன்றையும் செய்திருக்கிறது. இலாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தில், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் அமர்ந்து நடைபெறும் பாடத்தில், முறைப்படி உருவான படியைக்கொண்டு படத்தைக் காட்டலாம். யாரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கை அட்டையில் இதைச் சொல்வதில்லை என்பது வேறு செய்தி.

நம் நாட்டுச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று நீண்ட பட்டியல் தருகிறது. அவற்றுள் இரண்டு கூறுகள் ஆசிரியருக்கென்றே அமைந்தவை. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம், வினாத்தாளிலும் விடைத்தாளிலும் எடுத்தாளலாம் என்பது ஒன்று. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின்போது திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ காட்டலாம், கேட்கச் செய்யலாம் என்பது மற்றொன்று. காண்போர் அந்நிறுவனத்தின் பணியாளர், மாணவர், மாணவரின் பெற்றோர், காப்பாளர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் ஆகியோராக மட்டும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கச் சட்டம் கற்பித்தல் என்று குறுக்கியதை நம் சட்டம் செயல்பாடுகள் என்று விரித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இதயத்தின் இயக்கத்தை விளக்கும் படத்தை உயிரியல் ஆசிரியர் தம் வகுப்பில் போட்டுக் காட்டினால் அவர் பதிப்புரிமையை மீறவில்லை. ஐந்து நிமிடமா, முழுப் படமுமா என்று கடிகாரம் பார்க்க வேண்டியதுமில்லை.

கற்பித்தலின்போது என்னும் சொற்களின் பொருள் தில்லியில் வழக்குமன்றம் ஏறியது. 2012ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்னும் ஒளிநகல் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட நூற்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து மாணவருக்கு விற்றது குற்றம் என்பது அவற்றின் வாதம். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது மணியடித்து மணியடிக்கும் வரை நடக்கும் விரிவுரை மட்டுமன்று என்று விரிவாகப் பொருள் கண்டது. எத்தனை பக்கம் எடுக்கப்பட்டது என்ற கணக்கைவிட, கற்பித்தலின் நோக்கத்திற்கு அது தேவையா என்பதே அளவுகோல் என்றும் கொண்டது. சில உண்மைகளை ஆராய வழக்கைக் கீழே திருப்பியனுப்பியபோதிலும், 2017இல் பதிப்பகங்கள் வழக்கை நடத்தாமல் விலகிக்கொண்டன. அது நூல்களைப் பற்றிய வழக்கு. எனினும் சட்டத்தின் அந்தக் கூறு எந்தப் படைப்பையும் குறிப்பதால், வகுப்பறைப் படங்களைப் பற்றிச் சிந்திப்போர்க்கும் அது வழிகாட்டும்.

பதிப்புரிமை என்பது கல்விக்குப் பகையாகத் தோன்றியதுமன்று. 1710ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அன்னா அரசியார் காலத்தில் நடைமுறைக்கு வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம், கல்வியை ஊக்குவிக்கும் பொருட்டே இயற்றப்படுவதாகத் தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. புதிய நூலுக்கு அது தந்த காலம் 14 ஆண்டு. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. இன்று நம் நாட்டில் நூலாசிரியரின் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும். திரைப்படத்திற்கு வெளியீட்டிற்குப் பின் 60 ஆண்டு. காலம் நீள நீள, தொடக்க நோக்கம் தலைப்பளவில் சுருங்கிவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

ஆகவே அஞ்சுவோருக்குச் சொல்லத்தக்கது இது. வகுப்பறையில் கற்பிப்பதற்காகப் படம் காட்டும் ஆசிரியர் சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்து தப்புகிறவர் அல்லர். அவருக்காகவே திறந்துவைக்கப்பட்ட வாயிலில் நிமிர்ந்து நுழைகிறவர். சட்டம் கேட்காததைச் சட்டத்தின் பெயரால் தமக்குத் தாமே சுமத்திக்கொண்டு, பிள்ளைகள் காண வேண்டியதைக் காணாமல் செய்வது நல்லொழுக்கமாகாது.

அஞ்சாதவர்களிடம் பேசுவதே கடினம். உரிமை மீறல் இல்லை என்று சட்டம் சொன்னால் அநீதி இல்லை என்று பொருளாகுமா? தில்லியின் தனி நீதிபதி தம் தீர்ப்பில், பதிப்புரிமை தெய்விக உரிமையுமன்று, இயற்கை உரிமையுமன்று என்ற கருத்தைத் தெரிவித்திருக்கிறார். குருமடத்தில் இயற்கைச் சட்டம் பயின்றவன் என்ற முறையில் அவ்விடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி என்றே கருதுகிறேன். ஒரு படைப்பை இத்தனை ஆண்டுக்கு இன்னாரே படியெடுக்கலாம் என்னும் தனியுரிமை மனிதர் வகுத்தது. மனிதர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் உழைத்தவன் தன் உழைப்பினால் வாழவேண்டும் என்பது மனிதர் வகுத்ததன்று. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற பழைய கட்டளையைப் பவுலடியார் எடுத்து, மாட்டை மட்டுமா கடவுள் நினைத்தார் என்ற பொருள்பட வினவுகிறார். அறுவடை செய்தோரின் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. பதிப்புரிமையை மதிக்கவேண்டிய ஆழமான காரணம் அச்சட்டத்தில் இல்லை. அச்சட்டம் அரைகுறையாகவேனும் காக்க முயலும் அந்தக் கூலியில் இருக்கிறது.

இவ்வழக்கு பழையது. ஆறாம் நூற்றாண்டு அயர்லாந்தில் புனித கொலும்பா, தம் ஆசான் ஃபின்னியன் வைத்திருந்த திருப்பாடல் நூலை அவரறியாமல் படியெடுத்தாராம். ஆசான் அப்படியைத் தமக்கே உரியதெனக் கேட்க, வழக்கு அரசன் டீர்மெயிட்டிடம் சென்றது. பசுவுக்கு அதன் கன்று உரியதுபோல நூலுக்கு அதன் படியும் உரியது என்ற கருத்தில் அவன் தீர்ப்பளித்தான் என்றும், அதிலிருந்து ஒரு போரே மூண்டது என்றும் மரபுக்கதை கூறுகிறது. கதையில் எவ்வளவு வரலாறு என்பது ஆய்வாளர் பொறுப்பு. கொலும்பாவின் கையெழுத்து என்று மரபு போற்றும் ஒரு திருப்பாடல் சுவடி டப்ளினில் அயர்லாந்து அரச கழகத்தில் இன்றும் இருக்கிறது. அரசனின் உவமை எனக்கு நிறைவளிக்கவில்லை. கன்றை ஓட்டிச் சென்றால் தொழுவம் வெறுமையாகும். நூலைப் படியெடுத்தால் மூலநூல் பேழையிலேயே இருக்கும். ஒரு விளக்கில் மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை. கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று நம் முன்னோர் கண்டதும் இதைத்தானே?

இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞரும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். அறிவு இறைவனின் கொடை. ஆகவே அதை விலைபேசக்கூடாது என்பது அவர்களின் கொள்கை. அப்படியானால் ஆசிரியர் எப்படி ஊதியம் பெறலாம் என்ற கேள்வி எழுந்தது. அறிவுக்கு விலை வாங்கக்கூடாது, அதைக் கற்பிக்கும் உழைப்புக்கு வாங்கலாம் என்று விடை கண்டார்கள். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த இந்த வேறுபாடு நம் வகுப்பறைத் திரைக்கும் பொருந்துவதைப் பாருங்கள். இதயம் நான்கு அறைகளைக் கொண்டது என்ற செய்தி எவருக்கும் சொந்தமன்று. ஆனால் அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி வரைந்து, அசைவூட்டி, குரல் கொடுத்து, பிழை திருத்தி ஆறு நிமிடமாக்கியவர்களின் இரவும் பகலும் அவர்களுக்குச் சொந்தம்.

உடைமையைப் பற்றிப் புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் செய்யும் வேறுபாடும் இதை ஒட்டியதே. பொருளைப் பேணுவதற்கும் பகிர்ந்தளிப்பதற்கும் தனியுடைமை தகும். பயன்பாடு என்று வரும்போது மனிதன் அதைத் தனக்கே உரியதெனக் கருதாமல், தேவையுள்ளவரோடு பகிர ஆயத்தமாக இருக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், கிறிஸ்தவ மரபு உடைமை உரிமையை ஒருபோதும் வரம்பற்றதாகக் கொண்டதில்லை என்று நினைவூட்டினார். உடையவருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே இப்படி ஓர் ஒழுங்கு இயலாத கனவன்று. 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்றுப் பொதுமக்களுக்கு உரியதாக்கும் வழியைத் திறந்தது. அவர் குடும்பத்தாருக்குத் தொகையும் வழங்கப்பட்டது. பின்னர் எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் அவ்வாறே நாட்டுடைமை ஆயின. படைப்பு ஊருக்கு, கூலி வீட்டுக்கு. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

எனினும் அன்றாட வாழ்வில் எல்லாவற்றையும் அரசு வாங்கித் தராது. ஆசிரியர் தாமே முடிவு செய்யவேண்டிய இடங்களே மிகுதி. அதற்கு இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு விதி எனக்குப் பெரிதும் துணைசெய்கிறது. உபாகமம் என்று அந்நூலைப் படித்த தலைமுறையினருக்கும் நினைவிருக்கலாம். அடுத்தவரின் திராட்சைத் தோட்டத்திற்குள் நீ சென்றால் வயிறார உண்ணலாம், ஆனால் கூடையில் எடுத்துச் செல்லாதே. அவரது விளைநிலத்தில் கையால் கதிர் கொய்யலாம், ஆனால் அரிவாள் வைக்காதே என்பது அதன் கருத்து. எத்தனை பழம் என்று விதி எண்ணவில்லை. பசித்தவன் ஒருவன் பத்துக் குலை தின்றாலும் குற்றமில்லை. பசியில்லாதவன் ஒரு குலையைக் கூடையில் போட்டாலும் குற்றம். அளவைத் தீர்மானிப்பது பசி. உண்ட பழம் தீர்ந்துபோகும், படியெடுத்த படம் தீராதே என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பு சரியே. ஆயினும் கூடை கூடைதான். பயன்படுத்துவதற்கும் உடைமையாக்கிக்கொள்வதற்கும் இடையே அது கோடு கிழிக்கிறது. 1886இல் தோன்றிய பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய வாசகமும், கற்பித்தலுக்கு விளக்கமாகப் படைப்புகளைப் பயன்படுத்துவதற்கு வகைசெய்யும் இடத்தில், நோக்கம் எவ்வளவை நியாயப்படுத்துமோ அவ்வளவே என்ற கருத்தைத்தான் வைத்திருக்கிறது.

கூடை எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கொன்றைச் சொல்லலாம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டிய எரீ மாவட்டத்தில் பொதுப் பள்ளிகளுக்குச் சேவை செய்ய அரசுசார் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. இலாப நோக்கம் சிறிதும் இல்லாதது. தொலைக்காட்சியில் கல்விப் படங்கள் ஒளிபரப்பாகும்போது அது அவற்றை முழுமையாக ஒளிநாடாவில் பதிந்து, சேர்த்துவைத்து, பெயர்ப்பட்டியல் அச்சிட்டு ஆசிரியர்களுக்கு அனுப்பியது. வேண்டுமென்று கேட்ட பள்ளிக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் கல்விப் பட நிறுவனமும் வேறு இரு நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. 1982இல் நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு என ஏற்க மறுத்தது. நோக்கம் கல்வியே என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் வழக்காடியவர்கள் எடுத்த படங்களும் கல்விக்கென்றே எடுக்கப்பட்டவை. பள்ளிகளே அவர்களின் சந்தை. திரையரங்குக்காக எடுத்த படத்தில் ஒரு காட்சியை வகுப்பில் காட்டினால் தயாரிப்பாளருக்கு ஒரு சீட்டும் குறையாது. பள்ளிக்காகவே எடுத்த படத்தைப் பள்ளிகள் எல்லாம் படியெடுத்துக்கொண்டால், அடுத்த படத்தை எடுக்க அவருக்கு வழியிருக்காது.

இங்கே நாம் நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி விலைகொடுத்து வாங்கிய பாடக் காணொளித் தொகுப்பை, அதே நிர்வாகத்தின் மற்றப் பள்ளிகளுக்குப் பென்டிரைவில் படியெடுத்துக் கொடுப்பது சிக்கனமாகவே கருதப்படுகிறது. தாளாளர் கூட்டங்களில் அது பாராட்டப்படவும் கேட்டிருக்கிறேன். கட்டடத்திற்கு மணல் தந்தவருக்கும் மேசை செய்த தச்சருக்கும் அப்படிச் செய்ய நமக்குத் துணிவு வராது. ஏனெனில் தச்சர் வாசலில் வந்து நிற்பார். காணொளி செய்த இளைஞர்கள் எங்கோ ஓர் அறையில் கணினி முன் இருக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத தொழிலாளியின் கூலியைப் பிடித்தம் செய்வது எளிது என்பதே இதன் பொருள். 2004ஆம் ஆண்டு தமிழக அரசு திருட்டு வீடியோ தயாரிப்போரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது, திருட்டு விசிடி என்ற சொல்லைத் திண்ணைகள்தோறும் கண்டித்துப் பேசினோம். நம் பள்ளி அலமாரியில் இருப்பதற்கு மட்டும் கற்றல் வளம் என்று பெயர்.

இன்னும் சில எல்லைகள் உள்ளன. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தன. தம் மாணவரை மட்டும் அழைத்துத் திரையில் படம் காட்டிய ஆசிரியர் நான்கு சுவர் வகுப்பின் நீட்சியாகவே அதைச் செய்தார். அதே பாடத்தைப் படக்காட்சிகளோடு யூடியூபில் ஏற்றி உலகுக்குத் திறந்துவிட்டவர் மாணவர், பெற்றோர் என்ற வட்டத்தைத் தாண்டிவிட்டார். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டிலேயே இணைய வகுப்புக்கென்று தனிச் சட்டம் செய்தபோது, பாடத்தில் பதிந்துகொண்ட மாணவருக்கு மட்டும், தேவையான பகுதி மட்டும் என்று வரையறுத்தார்கள்.

பங்கு மன்றத்தில் காட்டும் படங்களைப் பற்றியும் கேட்கின்றனர். வழிபாட்டில் பாடும் பாடலுக்கு நம் சட்டத்தில் விலக்கு உண்டு. சமயச் சடங்கில் இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளையும் ஒலிப்பதிவையும் பயன்படுத்தலாம். திரைப்படம் அவ்வரிசையில் இல்லை. பங்குத் திருவிழாவில் ஊரையெல்லாம் கூட்டிப் படம் போடுவது வகுப்பறைச் சலுகைக்குள் வராது. உரியவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தவக்காலத்தில் பழைய படம் ஒன்று வேண்டுமென்றால், செசில் டிமில் 1927இல் எடுத்த அரசர்க்கு அரசர் என்னும் மௌனப் படம் உரிமைக்காலம் கடந்தது. இளைஞர்கள் மௌனப் படத்துக்குப் பொறுமையாக உட்காருவார்களா என்பது வேறு கேள்வி.

சந்தா செலுத்திப் பார்க்கும் தளங்களில் சிக்கல் வேறு வகையானது. சட்டம் ஆசிரியருக்கு வகுப்பில் காட்டும் உரிமை தந்தாலும், சந்தா சேரும்போது குடும்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்பது போன்ற விதிக்கு அவர் இசைந்திருப்பார். படித்துப் பார்க்காமல் இசைந்தோம் என்பது உண்மை. இசைந்தோம் என்பதும் உண்மை. இங்கு எழும் கேள்வி களவைப் பற்றியதைவிட, கொடுத்த சொல்லைப் பற்றியது. சில நிறுவனங்கள் கேட்காமலேயே கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்விக்காகக் கட்டணமின்றித் திரையிட இசைவு தருகிறது. எந்தெந்தப் படம் என்று தேடிப் பார்ப்பதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். படத்தின் இறுதியில் ஓடும் பெயர்களைப் பெரும்பாலான வகுப்பறைகளில் காட்டுவதில்லை. மணி அடித்துவிடும், அல்லது ஆசிரியரே நிறுத்திவிடுவார். நம் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே நிற்கும் என்கிறது. காசு கொடுக்க இயலாத வகுப்பும் ஒரு நிமிடம் கொடுக்கலாம். ஒளிப்பதிவு செய்தவர் யார், தொகுத்தவர் யார் என்று பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். சோற்றுக்கு முன் உழவரை நினைத்துச் செபிக்கக் கற்றுக்கொடுக்கும் நாம் இதையும் கற்றுக்கொடுக்கலாம்.

எங்கள் பங்கில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று நடக்கிறது. முப்பது பிள்ளைகள், பெரும்பாலும் கட்டுமரக் குடும்பங்கள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் கூலியின்றிப் பாடம் சொல்லித் தருகிறார். தம் தம்பிக்காகப் பணம் கட்டிய கற்றல் செயலியிலிருந்து பாடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமா என்று சென்ற ஆண்டு கேட்டார். படிப்பகம் கல்வி நிறுவனம் என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதை வழக்கறிஞர் வாதிடலாம். கடும் பசியில் பிறர் உணவை எடுப்பவன் கள்வன் அல்லன் என்று தோமா அக்குவினா சொல்வதை இங்கே நீட்ட முடியுமா என்றும் யோசித்தேன். ஒளிவிலகல் பற்றிய காணொளி சோறாகாது. ஆனால் அது இல்லாமல் பத்தாம் வகுப்பில் தோற்று மீண்டும் கடலுக்குப் போகும் பையனிடம் இதை விளக்குவது எனக்கு எளிதாக இல்லை.

"பென்டிரைவ் வேண்டாம்மா. காட்டுவதற்கு அவர்களிடமே கேட்டுப் பார்ப்போம்" என்றேன். "அவ்வளவு பெரிய கம்பெனி நமக்குப் பதில் போடுமா சாமி?" என்று கேட்டார். போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றேன். அன்று மாலையே படிப்பகத்து மேசையில் அமர்ந்து கடிதத்தை எழுதினார். பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு நேரம், கட்டணம் ஏதுமில்லை என்ற செய்தி, வேண்டிய பாடங்களின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. பதில் வரும்வரை ஒளிவிலகலை ஒரு கண்ணாடித் தம்ளர் நீரும் பென்சிலும் வைத்து நடத்துகிறார்.